ஜோடி சேர்க்கிற அக்கா

அந்த அக்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது கரையான்சாவடிக்கே போய் விசாரிப்பார்கள். பழைய அக்காவாக இருந்தால் அது ஒரு பிரச்சினையே இல்லை. வந்தவர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய ஸ்கூட்டரை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்து, "முன்னாடி எடது பக்க ஷாக்கு செத்துப்போச்சு, மாத்திக்க" என்று அனுப்பி வைத்திருப்பார். இப்போது இருக்கிற அக்காவிடம் யாரும் போகவேண்டாம்.

நின்றுகொண்டிருக்கிற எந்த வண்டியையும் அவரால் சும்மா கடந்து போக முடியாது. ஹேண்டில்பார் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்து ஒரு அமுக்கு, பிறகு கையை எடுத்துவிட்டு வண்டி எப்படி எழும்புகிறது என்று ஒரு பார்வை. வண்டி யாருடையது, அவர் முறைக்கிறாரா என்பதெல்லாம் அக்காவுக்குப் பொருட்டே இல்லை. கரையான்சாவடி ஆட்டோ ஸ்டாண்டில் ஒருத்தர் கன்னாபின்னாவென்று திட்டியிருக்கிறார். மறுவாரம் அவரே ஆட்டோவைக் கொண்டுவந்து, நீ சொன்னது சரிதான், எதை மாற்றணும் என்று கேட்டாராம். அக்காவின் சித்தி மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை காரை அலங்காரத்தோடு சேர்த்து அமுக்கியதில் மாலை அறுந்து பூவெல்லாம் ரோட்டில் கொட்டிவிட்டது. எல்லோரும் பூவுக்காகக் கத்திக்கொண்டிருக்க, அக்கா மட்டும் பின்பக்கம் எழும்பவே இல்லை என்று டிரைவரைத் தேடிக்கொண்டிருந்தாராம்.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் அக்காவின் தம்பி. வீட்டின் முன்னறையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். அவனிடம் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் இரவல் கேட்கப் போய்த்தான் எனக்கு அக்கா பழக்கமானார்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கல்லூரியில் நான் லேப் அசிஸ்டெண்ட். முப்பத்திரண்டு வயதில் எனக்கு ரிமோட் ரேஸ் கார் பைத்தியம் பிடித்தது. பொம்மைக் கார் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சுர்ரென்று ஏறும். முழங்கை நீளம்தான் இருக்கும், ஆனால் அதில் இல்லாதது எதுவுமில்லை. திருமழிசைக்கு அந்தப்பக்கம் ஒரு காலி மனையில் களிமண்ணை அடித்து மேடு பள்ளம் செய்து, ஓரத்தில் பிளாஸ்டிக் பைப்பைப் பதித்து டிராக் போட்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐ.டி. கம்பெனிக்காரர்கள், ஆவடி குவார்ட்டர்ஸ்காரர் ஒருவர், ஒரு பல் டாக்டர், நான் என்று பத்துப் பன்னிரண்டு தடிமாடுகள் ஒரு மேடைமேல் வரிசையாக ரிமோட்டோடு நிற்போம். மேட்டில் ஏறுகிற கார் ஆள் உயரத்துக்குப் பறக்கும். பறப்பதற்கு மோட்டார் போதும். இறங்கும்போது கவிழாமல் இருக்க ஷாக் அப்சார்பர் வேண்டும், சக்கரத்துக்கு ஒன்றாக நாலு. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அளவுதான். உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் தண்டோடு ஒரு பிஸ்டன், அடியில் எண்ணெய் வெளியே வராமல் பிடித்துக்கொள்ள மிளகு அளவில் சிலிக்கான் ரப்பர் வளையங்கள்.

அன்று என் ஷாக் ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது. கடை வாசலில் உட்கார்ந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து வந்த அக்கா கையை நீட்டினார். எதற்கு என்றுகூட நான் கேட்கவில்லை, கொடுத்துவிட்டேன். திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு யூனிட்டில் பதினெட்டு வருஷம் பைக் ஷாக் அப்சார்பருக்கு ரப்பர் சீல் மாட்டியவர் அவர் என்று பிறகுதான் தெரிந்தது. யூனிட்டை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள், அக்கா வீட்டில் உட்கார்ந்துவிட்டார். "இன்னா தம்பி, நம்ம ஷாக்கு குட்டி போட்டுட்ச்சா?" என்றார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து. அதற்குப் பிறகு எங்கள் டிராக்கில் ஓடிய அத்தனை காருக்கும் ஷாக் போட்டது அவர்தான்.

அவர் வேலை செய்யும்போது யாரும் பேசக்கூடாது. எட்டு ஓட்டை போட்ட ஒரு மரக்கட்டையில் ஷாக்குகளைத் தலைகீழாக நிறுத்தி எண்ணெய் ஊற்றுவார். தண்டைப் பிடித்து மெல்ல மேலும் கீழும் இழுப்பார். குமிழ்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடையும். நமக்கு முடிந்ததாகத் தெரியும். அவருக்கு முடிந்திருக்காது. ஷாக்கைக் காதருகே வைத்து இன்னொரு தரம் இழுத்துவிட்டு, "இன்னும் ஒண்ணு கீது" என்பார். காற்று ஒரு பொட்டு உள்ளே நின்றால்கூட வலதும் இடதும் ஒரே மாதிரி வேலை செய்யாது. மூடியைப் போட்ட பிறகு பரீட்சை. இரண்டையும் மேஜைமேல் நிறுத்தி, இரண்டு உள்ளங்கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தி, மெல்லக் கையைத் தூக்குவார். இரண்டு தண்டும் ஒன்றாக எழுந்திருக்கவேண்டும். எழுந்தால் "ஜோடி சேந்துச்சு" என்பார். இல்லையென்றால் இரண்டையும் திறந்து எண்ணெயைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பம்.

அந்த ஜோடியால் ஒரு கூத்து நடந்தது. நாங்கள் ஆளுக்கொருவராகப் போன் செய்து, அக்கா என் ஜோடி சேர்ந்ததா, எனக்கு எப்போது ஜோடி சேரும் என்று கேட்போம். அக்காவும் வாசலில் நின்று, உனக்கு இன்னும் அமையவில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்று சத்தமாகப் பதில் சொல்வார். தெருக்கோடியில் இருந்த அம்மாள் ஒருநாள் மகனுடைய ஜாதகத்தோடு வந்துவிட்டார். அக்கா ஜாதகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்து, பையனை நேரில் கூட்டி வரச் சொன்னாராம். காகிதத்தில் எழுதியிருப்பதை வைத்து என்ன தெரியும் என்று அவருக்கு உண்மையான சந்தேகம்.

அக்கா என்றாலே அதுதான். யார் வாய்ச்சொல்லையும் நம்பமாட்டார். எண்ணெய் பாட்டில்மேல் போட்டிருக்கும் நம்பரை நம்பமாட்டார், ஒரு சொட்டை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்துத்தான் ஊற்றுவார். கேஸ் சிலிண்டர் போடுகிறவர் லீக் இல்லை என்றால், சரிப்பா என்று சொல்லிவிட்டு, அவர் படியிறங்கியதும் சோப்புத் தண்ணீரோடு உட்காருவார். கார் சூப்பராக ஓடியது அக்கா என்று நான் சொன்னால் காரைக் கொண்டுவரச் சொல்வார். எனக்குச் சில நாள் எரிச்சலாக இருக்கும். நம்மை இவ்வளவு பொய்யனாகவா நினைக்கிறார் என்று தோன்றும். ஒருமுறை கேட்டேவிட்டேன். "நீ பொய் சொல்றேன்னு சொல்லல தம்பி. கை கீதுல்ல எனக்கு, அப்பால வாய எதுக்கு கேக்கணும்?" என்றார்.

கைக்கு வேறொரு கணக்கும் இருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அக்காவின் அம்மா உள்ளறையில் இருந்தார். கை நடுக்கம். சோற்றை அள்ளினால் வாய்க்குப் போவதற்குள் பாதி மடியில் விழும். அக்காதான் ஊட்டிவிடுவார். ஒரு மழை நாளில் கடைக்கு யாரும் வரவில்லை. அக்கா ஒரு ஜோடியை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சேர்ந்த ஜோடி அது, நானே பார்த்தேன். மறுபடி மறுபடி எதற்கு அழுத்துகிறீர்கள் என்று கேட்டேன். அம்மாவுக்கு நாற்பத்தைந்தில் ஆரம்பித்தது, முதலில் வலது கையில்தான், வெளியில் தெரிவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை என்று மெதுவாகச் சொன்னார். தனக்கு நாற்பத்துநாலு நடக்கிறது என்றார். "ரெண்டு கையும் ஒண்ணா எழுந்துக்குதான்னு பாக்குறேன். ஷாக்கு ஒண்ணா வந்தா கையும் ஒண்ணா கீதுன்னு அர்த்தம். அத்த வுட்டா எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். நான் ஏதோ தைரியம் சொன்னேன். தம்பியிடம் சொல்லிவிடாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டார். நானும் சொல்லவில்லை. இதைத் தெரிந்துவைத்துக்கொண்டுதான் நான் செய்ததைச் செய்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த வருஷம் எங்கள் டிராக்கில் பெரிய ரேஸ் ஒன்று வைத்தோம். வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். அக்கா அதுவரை ஒரு ரேஸ்கூட நேரில் பார்த்ததில்லை. கண்டிப்பாக வரவேண்டும் என்று நான்தான் வற்புறுத்தினேன். சனிக்கிழமை மத்தியானம் என் நாலு ஷாக்கையும் துணியில் சுற்றிக் கொடுத்தார். ஜோடி நன்றாகச் சேர்ந்திருக்கிறது, இனிமேல் கை வைக்காதே என்றார்.

சாயங்காலம் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் எவனோ ஒருத்தன், பெரிய மேட்டுக்கு முன்பக்கம் கெட்டி எண்ணெய் போட்டால்தான் கார் நிற்கும் என்று போட்டான். எனக்கு அரிப்பெடுத்தது. உள்ளே இருப்பது எவ்வளவு கெட்டி என்று பார்க்க முன்பக்கம் வலது ஷாக்கைத் திறந்தேன். கை தவறிக் கால்வாசி எண்ணெய் தரையில் கொட்டிவிட்டது. நாங்கள் போடுவது சிலிக்கான் எண்ணெய், பாட்டில் அக்கா வீட்டில் இருக்கிறது. போய்க் கேட்டால் ஏன் திறந்தாய் என்பார். பைக்கின் முன் ஃபோர்க்குக்கு ஊற்றுகிற எண்ணெய் என்னிடம் கொஞ்சம் இருந்தது. எண்ணெய் எண்ணெய்தானே என்று அதை ஊற்றி மூடிவிட்டேன். அமுக்கிப் பார்த்தேன், நன்றாகத்தான் எழுந்தது. மற்றதைத் தொடப் பயந்துபோய் அப்படியே விட்டுவிட்டேன்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், எந்த ரப்பருக்கு எந்த எண்ணெய் ஆகாது என்று எங்கள் லேப் சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது. என் கையெழுத்தில் இருக்கிற அட்டை. சிலிக்கான் வளையத்தில் ஃபோர்க் எண்ணெய் மாதிரி பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அது ஊறிப் பருத்துவிடும். உடனே ஆகாது, சில மணி நேரம் வேண்டும். சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து ஞாயிறு மத்தியானம் வரை அதற்கு வேண்டிய அவகாசம் கிடைத்தது.

அக்கா வந்தார். நீலப் புடவை கட்டி, தூக்கில் எலுமிச்சை சாதம் எடுத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு வருவது மாதிரி வந்தார். ஒவ்வொருத்தரும் காரைக் கொண்டுவந்து காட்டினார்கள். அவர் போட்ட ஷாக்குகள் அவ்வளவு உயரத்திலிருந்து இறங்குவதைப் பார்த்து வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

ஃபைனலில் நான் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தேன். மூன்று சுற்று பாக்கி. பெரிய மேட்டில் ஏறிய கார் அழகாகத்தான் பறந்தது. இறங்கும்போது இடது பக்கம் அமுங்கியது, வலது பக்கம் கட்டை போல நின்றது. கார் நாலு குட்டிக்கரணம் போட்டு பைப்பில் மோதி, முன்சக்கரத்தைத் தாங்குகிற கை உடைந்து கிடந்தது. எல்லோரும் ஓடினார்கள். அக்காவும் புடவையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, மண்ணில் உட்கார்ந்து, வலது ஷாக்கைக் கழற்றி அழுத்தினார். உள்ளே போன தண்டு வெளியே வரவில்லை.

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். ஆவடிக்காரர் என்ன ஆச்சு என்றார். பல் டாக்டர், ஷாக் ஜாமாகிவிட்டதா என்றார். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, நீ இத்த தொறந்தியா?"

"இல்லக்கா. நீங்க குடுத்ததை அப்படியே மாட்டினேன்."

சொல்லி முடிக்க ஒரு வினாடிகூட ஆகியிருக்காது. பத்துப் பேருக்கு முன்னால் நான் முட்டாளாகக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு அப்போது தெரிந்தது. அக்கா மூடியைத் திருகித் திறக்கப்போனார். திறந்தால் எண்ணெயின் நிறமும் வாடையும் காட்டிக்கொடுத்துவிடும். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அதை அவர் கையிலிருந்து வாங்கினேன். வாங்கினேன் என்ன வாங்கினேன், பிடுங்கினேன். திரும்பிப் போகிற வழியில் கால்வாயில் வீசிவிட்டேன்.

யாரும் அக்காவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒன்று அப்படி இப்படி ஆவதுதான் அக்கா என்று சமாதானம்கூடச் சொன்னார்கள். அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே ஷேர் ஆட்டோவில் ஏறிப்போனார். எலுமிச்சை சாதத்தை நாங்கள்தான் சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் போனபோது எல்லோருடைய ஷாக்கையும் பிரிக்காமலேயே தனித்தனிக் கவரில் போட்டு, பேர் எழுதித் தம்பியிடம் கொடுத்து வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டேன். அம்மாவுக்கு ஆரம்பித்த மாதிரியே வலதில்தான் ஆரம்பித்திருக்கிறது என்றார். அந்த ஞாயிறுக்குப் பிறகு எத்தனையோ முறை ஜோடியை அழுத்திப் பார்த்துவிட்டாராம், ஒவ்வொரு முறையும் வலது பின்தங்கி வருகிறதாம். என் எதிரிலேயே ஒரு ஜோடியை அழுத்திக் காட்டினார். இரண்டும் ஒன்றாகத்தான் எழுந்தன. தம்பியும் அதையே சொன்னான். "உங்களுக்குத் தெரியாதுப்பா" என்று சொல்லி அவற்றைத் துணியில் சுற்றிவிட்டார். தம்பி வற்புறுத்தி பூந்தமல்லியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். ஒன்றுமே இல்லை என்றாராம் டாக்டர். அவரும் வாயால்தானே சொன்னார் என்று அக்கா அதையும் தள்ளிவிட்டார்.

அன்றைக்கே நான் சொல்லியிருக்கவேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. தம்பி பக்கத்தில் இருந்தான், அவன் குரூப்பில் சொல்லிவிடுவான் என்று விழுங்கினேன். அடுத்த வாரம் சொல்லலாம் என்றிருந்தேன். அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரம், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது என்று அது வேறு ஒரு பயமாகிவிட்டது. காரை விற்றேன். கரையான்சாவடி வழியாகப் போவதை விட்டு, வேலைக்குச் சுற்றுவழியில் போனேன். கோழைத்தனம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. ஒருநாள் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் ஒரு பைக் நின்றிருந்தது. அக்கா அதைத் தாண்டிப் போனார். கை வைக்கவே இல்லை, இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு போனார்.

அந்த ஞாயிறே அவர் வீட்டுக்குப் போனேன். கடை பூட்டியிருந்தது. அக்கா மட்டும் இருந்தார். அம்மா போய் ஆறு மாசம் ஆகிறது என்றார். சுவரில் மாலை போட்ட படம் இருந்தது. உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திறந்தது, சிந்தியது, ஊற்றியது, பிடுங்கியது, கால்வாயில் எறிந்தது. அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். அக்கா முதலில் கேட்டது எண்ணெயைப் பற்றித்தான்.

"இன்னா ஆயில் ஊத்தின?"

"ஃபோர்க் ஆயில்க்கா."

"எந்தப் பக்கம்?"

"முன்னாடி வலது."

"ரிங்கு ஊதிப்போயிருக்கும்" என்றார், யாருடைய காரையோ பற்றிப் பேசுகிற மாதிரி. நம்பிவிட்டார் என்று தெரிந்தது. என் தலையிலிருந்து பெரிய பாரத்தை யாரோ இறக்கின மாதிரி இருந்தது. இனிமேல் திட்டட்டும், செருப்பால் அடிக்கட்டும், எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். உங்கள் கையில் ஒன்றுமே இல்லை அக்கா, அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை, எல்லாம் நான் செய்த வேலை என்றேன்.

அக்கா ஃபேனை நிறுத்தினார். முந்தானையை உதறிவிட்டு இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினார். விரல்களை விரித்து வைத்துக்கொண்டார்.

"நல்லாப் பாத்து சொல்லு தம்பி. ஆடுதா?"

பார்த்தேன். என் வாழ்நாளில் எதையும் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. வலது கை, இடது கை, ஒவ்வொரு விரலாகப் பார்த்தேன். கண்ணாடி வளையல்கள்கூட அசையவில்லை. அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்துச் சொன்னேன்.

"ஆடலக்கா. சத்தியமா ஆடல."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அன்னிக்கும் இப்டிதான் தம்பி, என் மூஞ்சிய நேராப் பாத்து சொன்ன."

அக்கா கையை மடக்கவில்லை. நான் அங்கே நிற்பதையே மறந்தவர் போல, நீட்டிய கைகளைத் தானே குனிந்து பார்க்க ஆரம்பித்தார்.